தொட்டிப் பொருத்தம்

பவளம் பூக்கவில்லை என்பதற்காக ஒரு மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சில வருஷங்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று தூத்துக்குடி போல்பேட்டையில் செல்லக்கனி அம்மாவின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சாயங்காலம் அவ அப்பா சாத்தூர்ல இருந்து வந்துருவாரு, ஜெனோவா. அதுக்குள்ள பூ திறந்தா சரி. இல்லன்னா அவர் கூடவே அனுப்பிவச்சிருவேன். எனக்கு இருக்கது ஒத்தப் பய. அவனுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கமாட்டேன்,” என்றார் அவர், நான் உள்ளே கால் வைக்கும் முன்பே.

“அம்மா, நான் தொட்டி பாக்க வந்தவ. குடும்பத்தப் பிரிக்கதுக்கு வேற ஆளப் பாருங்க.”

என் வாய் அப்படி. அதற்காகவே சிலர் என்னைக் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் ஊரில் வேறு ஆள் இல்லாததால் கூப்பிடுகிறார்கள்.

கூடத்தின் பாதிச் சுவரை அந்தத் தொட்டி அடைத்திருந்தது. நீல விளக்கு. நடுவில் வாழைத்தார் அளவுக்கு வளர்ந்த ஒரே பவளம். அதன் உடம்பெங்கும் அரிசி முனை அளவில் ஆயிரக்கணக்கான மொட்டுகள். படித்தவர்கள் பாலிப் என்பார்கள். வீட்டுக்காரர்கள் பூ என்பார்கள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. மூடிய பவளம் வெறும் கல்லைப் போலத்தான் இருக்கும், ஆனால் அது உயிரோடு இருக்கிறது என்று தெரிந்து அதன் முன் நிற்பது வேறு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து யாரோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஓர் எண்ணம் வரும்.

இது கடலில் எடுத்ததில்லை. கடலில் எடுத்தால் ஜெயில். ஆய்வகத்தில் வளர்த்து, மனித மூச்சை மோப்பம் பிடிக்கும்படி மாற்றியமைத்தது. உடம்புக்குள் நோய் தொடங்கினால் ஆளுக்குத் தெரியும் முன்பே அவர் மூச்சில் அதன் சுவடு வந்துவிடுமாம். தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் கூடத்துக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும். பவளம் அதை முகர்ந்து நிலை மாறும். செல்போனில் ஒரு செயலி அந்த மாற்றத்தைப் படித்து, டாக்டரிடம் போங்கள் என்று சொல்லும். நலப்பவளம் என்று பெயர் வைத்து விற்றார்கள். வசதியான வீடுகளில் எல்லாம் வாங்கிப்போட்டார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. செயலி செத்தது. தொட்டிகள் மட்டும் வீடுகளில் உயிரோடு இருந்தன. படித்துச் சொல்லக் கருவி இல்லாதபோது நம் ஆட்கள் கண்ணால் படித்தார்கள். விரிந்தால் மங்களம். சுருங்கினால் அமங்களம். பூவைப் பார்த்தால் நமக்கு வேறு எப்படித் தோன்றும்? நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆராய்ச்சி செய்தவர்கள் வேறு, தொட்டி கழுவுகிறவள் வேறு.

அதிலிருந்து வந்ததுதான் தொட்டிப் பொருத்தம். ஜாதகம் பார்த்து, நகை பேசி முடித்த பிறகு பெண்ணைக் கூட்டிவந்து மாப்பிள்ளை வீட்டுத் தொட்டிப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். பூ விரிந்தால் தட்டு மாற்றுவார்கள். விரியாவிட்டால் காபியோடு சரி. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுத் தொட்டி முன் உட்காரவைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த வீட்டு மருமகள் சங்கவிக்கு அந்தப் பொருத்தம் பார்க்கப்படவில்லை. அவள் மாமனார், உப்பளத்து அண்ணாச்சி, இறந்த பிறகுதான் பெண் பார்த்தார்கள். அப்போதே பவளம் மூடிக்கிடந்தது. “துக்கம் காக்குது,” என்று எல்லாரும் நெகிழ்ந்துபோனார்களாம். வருஷம் திரும்புவதற்குள் கல்யாணம் முடித்து, மருமகள் விளக்கோடு உள்ளே வரும்போது பூ தானாக விரியும் என்று உறவு முழுக்கக் கூடத்தில் கூடி நின்றார்கள். அது விரியவில்லை. மறுவீடு முடிந்தும் விரியவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் தொட்டிப் பக்கம் வரக்கூடாது, பூஜை அறைக்குள் போகக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயிருக்கிறது.

நான் பையைத் திறந்து தண்ணீரைச் சோதித்தேன். உப்பு சரியாக இருந்தது. காரமும் சுண்ணாம்பும் சரி. விளக்கு சரி. தண்ணீரில் மின்கசிவு இருந்தால் மொட்டு மூடிக்கொள்ளும், அதுவும் இல்லை. பாறை இடுக்குகளில் டார்ச் அடித்துப் புழுவைத் தேடினேன். யாராவது கிரீம் பூசிய கையைத் தொட்டிக்குள் விட்டார்களா என்று கேட்டேன். “அவதான் விட்டிருப்பா,” என்று செல்லக்கனி அம்மா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். வாசற்படியில் நின்ற சங்கவி, இரண்டு உள்ளங்கைகளையும் என்னிடம் நீட்டிக் காட்டினாள். பாத்திரம் தேய்த்து வெளிறிய கைகள். எனக்கு அந்த வீட்டின் மேலேயே கோபம் வந்தது.

விசித்திரம் என்னவென்றால், பவளத்துக்கு ஒரு குறையும் இல்லை. நோய்ப்பட்ட பவளம் வெளுக்கும், தோல் உரியும். இது கொழுகொழுவென்று நிறம் மாறாமல் இருந்தது. ஓரங்களில் புதிதாக வளர்ந்தும் இருந்தது. தனக்கு ஒன்றுமில்லாமல் சும்மா மூடிக்கொண்டிருந்தது.

கடைசியாகக் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டே போனேன். அது ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. மோட்டார் பால்கனியில், துணி காயும் கொடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

“இத யாரும்மா வெளிய வச்சது?”

“கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது பெயிண்டர்மாரு எடுத்து வச்சிருப்பாவ. ஏன்?”

“அப்ப இத்தன மாசமா இது உங்க யாரு மூச்சையும் மோந்து பாக்கல. தெருப் புழுதியத்தான் மோந்துக்கிட்டு இருக்கு. இதுக்குப்போயா அந்தப் பிள்ளையப் போட்டுப் பாடாப் படுத்துனீய?”

விடை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மோட்டாரை உள்ளே கொண்டுவந்து சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். சங்கவியை அழைத்து அருகில் உட்காரச் சொன்னேன். அவள் மாமியாரைப் பார்த்தாள். “உக்காரு,” என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. தண்ணீருக்குள் குமிழ்கள் மட்டும் ஏறின. வெகுநேரம் ஆயிற்று. ஒரு மொட்டும் அசையவில்லை.

“பாத்தியா? நான் சொன்னேம்லா?”

“நீங்க உக்காருங்க, பாப்போம்.”

“நான் தாலியறுத்தவ. எனக்கு எப்படித் திறக்கும்?” என்றாலும் உட்கார்ந்தார். திறக்கவில்லை. நானும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் இல்லை. மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சரி, திறக்கவே முடியாமல் போயிற்றா என்று பார்க்க, பையிலிருந்த கூனிறால் தீனிக் கரைசலில் இரண்டு சொட்டுத் தண்ணீரில் விட்டேன். விட்ட இடத்தில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. மொட்டுகள் ஒவ்வொன்றாகப் பிளந்து, உள்ளிருந்து மெல்லிய விரல்கள் வெளியே வந்து துழாவின. செல்லக்கனி அம்மா எழுந்து கும்பிட்டேவிட்டார்.

“கும்பிடாதீய. இது பசி. தின்னு முடிச்சதும் மூடிக்கிடும்.”

அப்படியே மூடிக்கொண்டது. நான் சொன்ன வார்த்தை எனக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடியது. பசித்தால் திறக்கும். இரையின் வாசனை வந்தால் திறக்கும். நான் கல்லூரியில் படித்ததுதான் இது. பவளத்தில் பூவே கிடையாது. அத்தனையும் வாய்.

“அம்மா, இது இந்த வீட்ல எப்பம்மா நல்லா விரிஞ்சிருந்துச்சு?”

அவர் முகம் இளகியது. “எங்க வீட்டுக்காரவிய நோவுல படுத்திருந்தப்பதான். கட்டில இங்கதான், தொட்டிப் பக்கத்துல போட்டிருந்தோம். வந்து பாத்தவங்க எல்லாம் அசந்துபோவாவ. தாமரைக் குளம் மாதிரி இருக்கும். அவிய தலமாட்டுப் பக்கமா சாஞ்சு சாஞ்சு பூக்கும். மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுக்கிட்டு இருந்தோம். போற பாதையிலயே துவண்டு போவாவ. நான்தான் சொன்னேன், பூ இப்படி விரிஞ்சு கெடக்கு, இவியளுக்குக் குணமாயிட்டு வருது, இனி எதுக்கு அலைச்சல்னு. நிப்பாட்டிட்டோம். கடைசி வாரத்துல அது பூத்த மாதிரி அதுக்கு முன்னாடி பூத்ததே இல்ல. கண்ணு கூசும்.”

நான் கூனிறால் புட்டியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

“அவியளத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு மூடுனதுதான்,” என்று சொல்லிவிட்டு அவர் விளக்கேற்றப் போனார்.

நான் சமையலறைக்குப் போனேன். சங்கவி தன் துணிப்பையில் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. கொட்டிவிட்டேன்.

“அந்தப் பவளத்த நாம எல்லாரும் தலைகீழாப் படிச்சிருக்கோம், சங்கவி. அது நல்லதுக்குத் திறக்கல. உடம்பு உள்ள கெடும்போது மூச்சுல வர்ற வாடை இருக்குல்ல, அத அதுக்கு இரை வாசனையா அந்தக் கம்பெனிக்காரனுவ மாத்தி வச்சிருக்கானுவ. திறக்க வைக்கதுக்கு அதான் லேசான வழி. நோயாளி பக்கத்துல இருந்தா அது வாயத் திறக்கும். எல்லாரும் நல்லா இருந்தா மூடிக்கும்.”

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள். “அப்ப மாமா...”

“ஆமா.”

“நான் வந்ததுல இருந்து மூடிக் கிடக்குன்னா...”

“நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். வேற ஒண்ணும் இல்ல. வா, இப்பவே உங்க அத்தகிட்ட சொல்லுவோம்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “வேண்டாம்க்கா.”

“என்ன வேண்டாம்?”

“பூ விரிஞ்சிருக்குன்னு அவங்கதான வைத்தியத்த நிப்பாட்டினது? தெனமும் அதச் சொல்லித்தான் மனச ஆத்திக்கிறாங்க. கடைசி வரைக்கும் அவர் சுகமா இருந்தாருன்னு. இதக் கேட்டா அவங்க உயிரோட இருக்க மாட்டாங்கக்கா. நான் இப்ப ஊருக்குப் போறேன். இவரு நாலு நாள் கழிச்சு வந்து கூப்பிடுவாரு. இவருக்கு என் மேல கோவம் இல்ல.”

“கூப்பிடலன்னா?”

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே அழுதாள். அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

வெளியே கார் சத்தம் கேட்டது. உப்பளத்திலிருந்து வரும் வழியில் சங்கவியின் கணவன் சேர்மராஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மாமனாரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். உயரமான பையன். சிரித்த முகம். அம்மாவின் கோபத்தை ஜோக்கடித்தே கரைத்துவிடலாம் என்று நம்புகிற வகை. சங்கவியின் அப்பா ஏதோ தப்பு செய்துவிட்டவரைப்போலச் சுவரோரமாக நின்றார். கையில் ஒரு பெட்டி காராச்சேவு.

“மாமா, உக்காருங்க. எங்கம்மா உங்களக் கடிச்சிர மாட்டாவ,” என்று சொல்லிக்கொண்டே சேர்மராஜ் சோபாவில் சாய்ந்தான். காலருக்குள் விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டு பெருமூச்சு விட்டான். மோட்டார் அவன் தோளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தது செல்லக்கனி அம்மாதான்.

“ஏ... ஏ... அங்க பாருங்க!”

குமிழ்கள் ஏறும் இடத்துக்கு நேர் எதிரே ஒரு கைப்பிடி அளவுக்கு மொட்டுகள் விரிந்திருந்தன. அது பரவியது. பவளத்தின் தோளெல்லாம், இடுப்பெல்லாம் பிளந்து, ஆயிரம் விரல்கள் வெளியே வந்தன. நீல வெளிச்சத்தில் பச்சையும் ரோஜா நிறமுமாகக் கூடமே மினுங்கியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவை நேராக நிற்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாக, சோபாவின் பக்கமாகச் சாய்ந்திருந்தன.

செல்லக்கனி அம்மா குலவையிட்டார். சாத்தூர்க்காரர் காராச்சேவுப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சேர்மராஜ் எழுந்து, “நான்தான் சொன்னேம்லாம்மா, தானா சரியாவும்னு,” என்று சிரித்தான். அவன் எழுந்த பக்கம் விரல்களும் லேசாகத் திரும்பின.

செல்லக்கனி அம்மா பூஜை அறைக்கு ஓடிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். மருமகளின் முன்னால் வந்து நின்று அவர் அழுதார். “உன்னைய வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், தாயி. மனசுல வச்சுக்கிடாத. நீ மகராசி. இந்தா, நான் வைக்கக்கூடாது, நீயே எடுத்து வச்சுக்க. இனி இந்த வீட்டுச் சாவி உன்கிட்டதான்.”

அந்த ஒரு நிமிஷத்தில் சங்கவிக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. மரியாதை, வீடு, அப்பாவின் நிம்மதி. அவள் சும்மா நின்றிருந்தாலே போதும். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

சிமிழை வாங்கி மேஜை மேல் வைத்தாள். “ஏங்க, எந்திரிச்சு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“யாருக்கு என்ன?” என்றான் சேர்மராஜ்.

“உங்களுக்குத்தான். ரெண்டு மாசமா பெல்ட்டுல ஆணி வச்சு ஓட்டை போட்டுக்கிட்டே வர்றீங்க. படுத்தா தலகாணி நனையுது. அளத்து வெயிலுன்னு சொன்னீங்க, நானும் நம்பிட்டேன். வாங்க.”

“நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுத?” செல்லக்கனி அம்மாவின் குரல் கிழிந்தது. “அபசகுனம் புடிச்சவளே! திறந்த பூவ மூட வைக்கதுக்குன்னே வந்தியா? போ வெளிய!”

“கூறுகெட்ட கழுத, வாய மூடு,” என்று அவள் அப்பா கையை ஓங்கினார்.

“போறேன் அத்தை. இவரையும் கூட்டிட்டுத்தான் போவேன்.” அவள் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே, வேடிக்கைக்கு இழுபடுகிறவனைப் போல வாசல்வரை போனான்.

தொட்டியில் அந்த மினுக்கம் அடங்கத் தொடங்கியது. விரல்கள் உள்ளே போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவளம் கல்லாயிற்று.

“பாரு! பாருங்க எல்லாரும்! அவ வாயி பட்டதும் மூடிட்டு!”

“இரு சங்கவி, போன எடுத்துட்டு வாரேன்,” என்று சேர்மராஜ் தனியாகத் திரும்பி வந்தான். சோபாவில் கிடந்த செல்போனைக் குனிந்து எடுத்தான். சங்கவி வாசலில்தான் நின்றாள். குனிந்தவன் நிமிர்வதற்குள் பவளம் அவன் பக்கமாகத் திறந்துகொண்டது.

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். பிறகு ஓரடி முன்னால் வந்து பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. தொட்டியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் என்னைப் பார்த்தான்.

“போங்க தம்பி. இன்னைக்கே போங்க,” என்றேன். “சீக்கிரமா கண்டுபிடிக்கத்தான் இதச் செஞ்சதே.”

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சங்கவிதான் ஓட்டினாள். அவள் அப்பா பின்சீட்டில் இருந்தார். கூடத்தில் நானும் செல்லக்கனி அம்மாவும் மூடிக்கொண்ட பவளமும்தான். அவர் வெகுநேரம், கட்டில் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெறும் தரைதான் அங்கே. சங்கவி எதை அவரிடமிருந்து மறைக்க நினைத்தாளோ அது அவருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று புரிந்தது. நான் மோட்டாரின் சுவிட்சை அணைக்கப் போனேன்.

“அணைக்காத,” என்றார். “அவன் குணமாகி வந்து இதுக்கு முன்னால உக்காருவான். அப்ப இது மூடிக் கெடக்கணும். அத நான் பாக்கணும்.”

பைக்குள் என் போன் அடித்தது. எடுக்க மனமில்லை, ஆனால் அது நிற்கவில்லை. மில்லர்புரம் புவனேஸ்வரி டீச்சர். போன மாதம் அவர் வீட்டுத் தொட்டியைக் கழுவிக் கொடுத்திருந்தேன். அவர் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஜெனோவா! இன்னைக்கு என் மகனுக்குப் பேசுன பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்காங்க. நாலு மாசமா மூடிக் கெடந்துச்சு, உனக்குத் தெரியும்லா? அந்தப் பொண்ணு வந்து உக்காந்ததும் அப்படியே விரிஞ்சிட்டு! தொட்டிப் பொருத்தம் பிரமாதம். தட்டு மாத்தப் போறோம். நீ வந்து ஸ்வீட் சாப்பிட்டுட்டுப் போ.”

பின்னணியில் சிரிப்புச் சத்தமும் வளையல் சத்தமும் கேட்டன. யாரோ ஒரு பெண்ணை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்லி ஆரம்பிப்பது, அந்தப் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் வைத்துக்கொண்டு?

செல்லக்கனி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து கையை நீட்டினார்.

“குடு. நான் சொல்லுதேன்.”